டிராம் ரத்தத்தில் ஓடுவதில்லை!

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலைக்காரர் ஜப்பான் போய்விட்டு வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அவியலுக்கும் அப்பளத்துக்கும் நடுவில் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டிவிட்டார். ஷிபுயா கிராஸிங், ஃபுஜி மலை, கியோட்டோவில் வாடகைக் கிமோனோவில் மனைவியும் மகளும், ஓட்டல் கழிப்பறையின் பட்டன்கள் மட்டும் நாலு படம். ரசம் வருவதற்குள் ஜப்பான் முடிந்துவிட்டது. கடைசியாகத் தீர்ப்பு சொன்னார்.

"அதெல்லாம் அவங்க ரத்தத்துலயே இருக்கு சார். நமக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் வராது!"

சுற்றி இருந்த நாலைந்து இலைகளும் தலையாட்டின. எதிர் வரிசையில் இருந்த பெரியவர் இன்னும் பலமாக ஆட்டினார். "ஒழுக்கம்னா ஜப்பான்காரன்தான். நம்ம ஜனங்களை வெச்சுக்கிட்டு என்ன பண்ண முடியும்?" என்றார். அவர் நகராட்சியில் இன்ஜினீயராக இருந்து ரிட்டையர் ஆனவர் என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்தது.

இந்த ரத்த வசனத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். 2022-இல் கத்தாரில் உலகக் கோப்பை மேட்ச் முடிந்ததும் ஜப்பான் ரசிகர்கள் குப்பை பொறுக்கிய வீடியோ உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். நீங்களே பத்து பேருக்கு ஃபார்வர்ட் செய்திருப்பீர்கள். வெட்கப்படாதீர்கள், நானும் செய்தேன். இந்த வாரம் அந்த வசனத்தோடுதான் என் சண்டை. ஜப்பானைப் புகழ்வது மாதிரி அது தெரியும். உண்மையில் அது ஒரு மோசமான பொய். நம்மைச் சோம்பேறி ஆக்கும் பொய். யார் யாரையெல்லாம் கேள்வி கேட்கவேண்டுமோ, அவர்களையெல்லாம் நிம்மதியாகத் தூங்கவைக்கிற பொய்.

எப்படிச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். டொயாமா போய்விட்டு வந்து சொல்கிறேன்.

*

வேலை நிமித்தமாக எனக்கு டோக்கியோவில் ஐந்து நாள். முடிந்ததும் கையில் நாலு நாள் மிச்சம். எல்லோரும் கியோட்டோ போ, ஒசாகா போ என்றார்கள். நான் டொயாமாவுக்கு டிக்கெட் எடுத்தேன். பல வருஷமாக டோக்கியோவில் இருக்கும் நம்மூர் நண்பர் சிரித்தார். "அங்க என்னங்க இருக்கு? மருந்து கம்பெனியும் பனியும்தான்!" அது போதும் என்று எனக்குப் பட்டது.

ஏன் என்று சொல்கிறேன். நம்மைப் பார்க்க வரும் வெள்ளைக்காரர் மாமல்லபுரம், மீனாட்சி கோயில், ஊட்டி என்று மூன்றையும் பார்த்துவிட்டு 'தமிழ்நாடு தெரியும்' என்றால் ஒப்புக்கொள்வீர்களா? ஒரு நடுத்தர ஊரின் பஸ் ஸ்டாண்டில் நாலு நாள் உட்கார்ந்து பார்க்கச் சொல்வீர்கள். ஜப்பானுக்கும் அதே நியாயம்தான். டோக்கியோவும் கியோட்டோவும் ஷோ கேஸ். கடையின் கணக்கு தெரியவேண்டும் என்றால் உள்ளே கல்லாவுக்குப் பக்கத்தில் போகவேண்டும். பி.காம். படித்தவன் புத்தி அப்படித்தான் போகும்.

டொயாமா ஜப்பானின் முதுகுப்பக்கம் இருக்கிறது. டோக்கியோ பசிபிக் கடலைப் பார்க்கிறது, இது எதிர்ப்புறம் ஜப்பான் கடலைப் பார்க்கிறது. குளிர்காலத்தில் பனி கொட்டோ கொட்டு என்று கொட்டும். மக்கள்தொகை சுமார் 4 லட்சம். நம் திருநெல்வேலியைவிடக் கொஞ்சம் சின்னது என்று வைத்துக்கொள்ளுங்கள். புல்லட் ரயில் 2015 மார்ச்சில்தான் இங்கே எட்டியது. இப்போது டோக்கியோவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்.

டூரிஸ்ட்டுகள் வராமல் இல்லை. வருகிறார்கள், இறங்குகிறார்கள், அடுத்த ரயில் பிடித்து டாடேயாமா மலைக்குப் போகிறார்கள். அங்கே வசந்த காலத்தில் சாலையின் இரண்டு பக்கமும் பனிச்சுவர் நிற்கும். அதோடு ஒரு செல்ஃபி. பிறகு கனசாவாவுக்கோ டோக்கியோவுக்கோ ரயில். அவர்களுக்கு இந்த ஊர் ஒரு பிளாட்பாரம், அவ்வளவுதான். 2025-இல் நியூயார்க் டைம்ஸ் 'போகவேண்டிய 52 இடங்கள்' பட்டியலில் டொயாமாவையும் சேர்த்தது. அதிலிருந்து கொஞ்சம் பேர் ஊருக்குள்ளும் வருகிறார்கள். கெங்கோ குமா வடிவமைத்த கட்டடத்தில் கண்ணாடிக் கலை மியூசியம், உப்பும் மிளகும் தூக்கலாக ஒரு கறுப்பு ராமென், கால்வாய் ஓரப் பூங்காவில் ஒரு காபி. முடிந்தது. கிளம்பு.

பழைய கோட்டை என்று ஒன்று நடு ஊரில் நிற்கிறது. கிட்டே போய்ப் பார்த்தால் 1954-இல் கட்டிய கான்கிரீட். ஏனென்றால் பழைய ஊர் என்பதே இல்லை. 1945 ஆகஸ்ட் 1 இரவு அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டதில், விடிவதற்குள் நடு நகரத்தில் 99.5 சதவீதம் எரிந்துபோனது. சுமார் 2,700 பேர் செத்தார்கள். 1947-லிருந்து அதே ஆகஸ்ட் 1-ஆம் தேதி ஆற்றங்கரையில் வாணவேடிக்கை விடுகிறார்கள். பார்க்க வருபவர்களுக்கு அது திருவிழா. ஊர்க்காரர்களுக்கு அது திவசம்.

*

முதல் நாள் டிராமில் ஏறினேன். புல்லட் ரயில் பாலத்துக்கு அடியில், ஸ்டேஷனுக்குள்ளேயே வந்து நிற்கிறது. மழை பெய்தாலும் குடை விரிக்கவேண்டாம். என் முன்னால் ஒரு பாட்டி. எண்பது இருக்கும். சக்கரம் வைத்த ஒரு சின்ன வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் தூக்கி விடலாம் என்று பரபரப்பாகக் கை நீட்டினேன். தேவைப்படவில்லை. பிளாட்பாரமும் டிராமின் தரையும் ஒரே மட்டம். பாட்டி வீட்டு ஹாலிலிருந்து சமையலறைக்குப் போவதுபோல உருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நீட்டிய கையைத் தலையைச் சொறிவதுபோல மடக்கிக்கொண்டேன்.

செல்போன் மொழிபெயர்ப்பை நடுவில் வைத்துக்கொண்டு பேசினோம். பாதி புரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, கடைத்தெருவில் கொஞ்சம் வாங்கிக்கொண்டு திரும்புகிறார். கார் ஓட்டிக்கொண்டிருந்தவர்தான், லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். "ஏன் பாட்டி?" என்றேன். டிராமின் தரையைக் கையால் தட்டிக் காட்டினார்.

பந்தி நண்பராக இருந்தால் இந்த இடத்தில் படம் எடுத்து, 'முதியோர் மீது ஜப்பானியரின் மரியாதை' என்று தலைப்புக் கொடுத்து அனுப்பியிருப்பார். கொஞ்சம் பொறுங்கள். இந்த டிராம் மரியாதையில் பிறந்ததில்லை. பயத்தில் பிறந்தது. பணப் பயத்தில்!

கணக்கைக் கேளுங்கள். டொயாமா பிரமாண்டமாக விரிந்து கிடக்கிற ஊர். 2005-இல் பக்கத்து ஊர்களையும் சேர்த்து மொத்தம் 1,240 சதுர கிலோமீட்டர் ஆனது. ஆளுக்கொரு கார், வயலுக்கு நடுவில் ஆளுக்கொரு தனி வீடு. அந்த வீட்டுக்கும் ரோடு போடவேண்டும், சாக்கடை போடவேண்டும், குப்பை அள்ளவேண்டும், பனி பெய்தால் வாரவேண்டும். ரோட்டின் நீளம் கூடிக்கொண்டே போகிறது. வரி கட்டும் ஆட்களோ குறைந்துகொண்டே போகிறார்கள், மிச்சம் இருப்பவர்களுக்கும் வயதாகிறது. செலவு நிலையானது, வருமானம் தேய்வது. இந்தக் கடை எத்தனை நாள் ஓடும்? பி.காம். முதல் வருஷப் பையனைக் கேளுங்கள், சொல்லுவான்.

2002-இல் மேயரான மசாஷி மோரி இந்தக் கணக்கைத்தான் மேஜையில் போட்டார். அவர் திட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'உருண்டையும் குச்சியும்'. அங்கே மாவு உருண்டையைக் குச்சியில் கோத்து விற்பார்கள். டிராமும் ரயிலும் பஸ்ஸும் குச்சி. ஸ்டாப்பைச் சுற்றி உள்ள குடியிருப்புகள் உருண்டை. குச்சியை ஒட்டி வந்து குடியிருங்கள், எல்லோருக்கும் செலவு குறையும்.

கையில் கிடைத்த முதல் குச்சி, துறைமுகத்துக்குப் போகும் ஒரு நோஞ்சான் ரயில் பாதை. அரை மணிக்கு ஒன்று, சில நேரம் ஒரு மணிக்கு ஒன்று என்று வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை. வேறு ஊராக இருந்தால் மூடியிருப்பார்கள். இவர்கள் அதை வாங்கி டிராமாக மாற்றி 2006 ஏப்ரலில் ஓடவிட்டார்கள். 15 நிமிஷத்துக்கு ஒன்று. வேலை நாட்களில் கூட்டம் சுமார் இரண்டு மடங்கு ஆனது. 2009 டிசம்பரில் நடு ஊரைச் சுற்றி இன்னொரு வளையம். தண்டவாளத்தைப் போட்டது மாநகராட்சி, வண்டி ஓட்டுவது தனியார் ரயில் கம்பெனி. 2020 மார்ச்சில் ஸ்டேஷனுக்கு வடக்கே உள்ள டிராமையும் தெற்கே உள்ள டிராமையும் இணைத்தார்கள்.

சும்மா நடந்துவிடவில்லை. 'எங்கள் வரிப்பணத்தில் டிராம் எதற்கு, எங்களுக்குத்தான் கார் இருக்கிறதே' என்று மக்கள் கேட்டார்கள். மேயர் நூற்றுக்கும் மேற்பட்ட கூட்டங்களில் போய் நின்று பதில் சொன்னார். நடு ஊரில் வீடு கட்டினால் மானியம் கொடுத்தார்கள். 65 வயது தாண்டியவர்கள் வருஷத்துக்கு ஆயிரம் யென் கட்டினால், பகல் நேரத்தில் நூறு யென்னுக்கு நடு ஊருக்கு வந்துபோக ஒரு பாஸ். லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கும் முதியவர்களுக்கு சலுகை. பூங்கொத்து வாங்கிக்கொண்டு ஏறினால் டிக்கெட் வேண்டாம் என்றுகூட ஒரு திட்டம் போட்டுப் பார்த்தார்கள். 2005-இல் ஊர் ஜனத்தில் 28 சதவீதம் பேர்தான் இந்தக் குச்சிகளை ஒட்டி இருந்தார்கள். அதை 20 வருஷத்தில் 42 சதவீதம் ஆக்குவது என்று இலக்கு எழுதிவைத்து, வருஷா வருஷம் எண்ணிப் பார்த்தார்கள்.

இதில் ரத்தம் எங்கே வருகிறது? எனக்குத் தெரிந்தவரை பேலன்ஸ் ஷீட்தான் வருகிறது.

*

இரண்டாம் நாள் ஜின்சு நதியைப் பார்த்தேன். கண்ணாடி மாதிரித் தண்ணீர். கரையில் வயல்கள், தூரத்தில் பனி மலை. 'இயற்கையைத் தெய்வமாகக் கும்பிடும் மக்கள்' என்று எழுத யாருக்கும் கை அரிக்கும். அரிக்கட்டும். கையோடு பஸ் பிடித்து ஊர் ஓரத்தில் இருக்கும் ஒரு மியூசியத்துக்குப் போங்கள். 2012-இல் திறந்தது. டூர் பேக்கேஜ் எதிலும் நான் இதைப் பார்த்ததில்லை. அதன் பெயரே ஒரு வியாதியின் பெயர். இத்தாய்-இத்தாய்.

பள்ளிக்கூட வேதியியலில் ஒரு வரியாகப் படித்திருப்பீர்கள்: காட்மியத்தால் வரும் நோய். 'இத்தாய்' என்றால் ஜப்பானிய மொழியில் 'வலிக்குது'. நோயாளிகள் 'வலிக்குது, வலிக்குது' என்று அலறியதே நோயின் பெயராகிவிட்டது. பெரும்பாலும் பெண்கள். பிள்ளை பெற்று வளர்த்து, வயலில் உழைத்து, நடு வயதைத் தாண்டியவர்கள். இருமினால் எலும்பு முறியும். ஆற்றின் மேல்புறம் கமியோக்கா என்ற இடத்தில் மிட்சுயி நிறுவனத்தின் சுரங்கம். துத்தநாகம் எடுத்த பிறகு மிஞ்சும் கழிவு ஆற்றில் கலந்தது. ஆற்றுத் தண்ணீர் வயலுக்குப் போனது. வயலிலிருந்து அரிசிக்கு, அரிசியிலிருந்து எலும்புக்கு.

கவனியுங்கள். சுரங்கத்தை நடத்தியவர்கள் ஜப்பானியர்கள். கண்ணை மூடிக்கொண்டிருந்த அதிகாரிகளும் ஜப்பானியர்கள். அதே ரத்தம்தான்!

ஊர் என்ன செய்தது? முதலில் மறைத்தது. வெளியே தெரிந்தால் அரிசி விலை போகாது, பிள்ளைகளுக்குப் பெண் கிடைக்காது. எங்கேயோ கேட்டமாதிரி இருக்கிறதல்லவா? நொபொரு ஹாகினோ என்ற உள்ளூர் டாக்டர் 1950-களிலேயே சுரங்கத்தைக் கை காட்டினார். 1961-இல் காட்மியம் என்று பெயர் சொன்னார். பாராட்டு கிடைக்கவில்லை, வசவுதான் கிடைத்தது. கடைசியில் 1968 மார்ச்சில் நோயாளிகளும் குடும்பங்களும் கோர்ட்டுக்குப் போனார்கள். இளம் வக்கீல்கள் கூட நின்றார்கள். அந்த வருஷம் மே மாதம் அரசாங்கம் இது தொழிற்சாலை மாசால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டது. 1971-இல் கீழ்க்கோர்ட்டில் ஜெயித்தார்கள். கம்பெனி அப்பீல் போனது. 1972-இல் மறுபடியும் ஜெயித்தார்கள்.

நாமாக இருந்தால் நஷ்டஈட்டு செக்கோடு கதை முடிந்திருக்கும். அவர்கள் அங்கேதான் ஆரம்பித்தார்கள். தீர்ப்பு வந்த கையோடு கம்பெனியிடம் இன்னொரு கையெழுத்து வாங்கினார்கள்: ஊர்க்காரர்கள் நிபுணர்களைக் கூட்டிக்கொண்டு சுரங்க ஆலைக்குள் வந்து சோதனை போடுவார்கள், கம்பெனி கதவைத் திறக்கவேண்டும், செலவும் கம்பெனியுடையது. 1972-லிருந்து அரை நூற்றாண்டைத் தாண்டி வருஷா வருஷம் போய்ப் பார்க்கிறார்கள். கெட்டுப்போன வயல் மண்ணை மாற்றி மீட்டெடுத்தார்கள். 863 ஹெக்டேர். 2012-இல்தான் முடிந்தது. செலவு சுமார் 4,070 கோடி யென்.

நான் பார்த்த கண்ணாடித் தண்ணீர் இதுதான். இயற்கை தந்ததில் பாதி. எலும்பு முறிந்த பெண்கள் கோர்ட் படி ஏறி வாங்கியது மீதி. இந்த மியூசியத்தைப் பார்க்காமல் அந்த நதியை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறவர், அந்தப் பெண்களுக்குத் துரோகம் செய்கிறார் என்பேன். கோபம் வந்தால் திட்டிக் கடிதம் போடுங்கள்.

*

'சார், அது பழைய கதை. இப்ப அவங்க நேர்மைக்கு ஈடு உண்டா?' என்கிறீர்களா? அப்படியானால் 2016-க்கு வாருங்கள்.

அந்த வருஷம் ஜூனில் டொயாமா மாநகர சபை உறுப்பினர்கள் தங்கள் மாதச் சம்பளத்தைத் தாங்களே உயர்த்திக்கொண்டார்கள். 6 லட்சம் யென்னிலிருந்து 7 லட்சம். ஊர் கொதித்தது. 'ட்யூலிப் டிவி' என்ற சின்ன உள்ளூர் சேனல். அதன் நிருபர்கள், 'சம்பளம் இருக்கட்டும், இவர்களுக்குத் தனியாகக் கொடுக்கும் ஆய்வுப் பணத்துக்கு என்ன கணக்கு?' என்று கிளம்பினார்கள். தகவல் கேட்டு மனு போட்டார்கள். மனு போட்ட விஷயமே அலுவலகத்திலிருந்து சபைத் தரப்புக்குக் கசிந்தது. (சிரிக்காதீர்கள்!) ஆனாலும் ரசீதுகள் கைக்கு வந்தன. ஆயிரக்கணக்கான தாள்கள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள்.

நடக்காத கூட்டத்துக்கு நோட்டீஸ் அச்சடித்ததாக பில். வெற்று ரசீதை வாங்கித் தங்கள் இஷ்டத்துக்கு நிரப்பிய தொகை. ஒருவர் மாட்டினார், அவரைத் தொட்டு இன்னொருவர், அவரைத் தொட்டு இன்னொருவர். சில மாதங்களில் 14 பேர் ராஜினாமா. மொத்தமே 40 பேர் உட்காரும் சபை! அந்த நவம்பரில் இடைத்தேர்தல் வைக்கவேண்டிவந்தது. சம்பள உயர்வும் போச்சு. அந்தச் சேனல்காரர்களே இதைப் பிறகு ஒரு டாகுமெண்டரி படமாக்கி 2020-இல் வெளியிட்டார்கள். பெயர் 'ஹரிபோத்தே'. வெளியே காகிதக் கூடு, உள்ளே வெற்றிடம் என்று அர்த்தம்.

பதினாலு பேருக்கும் ஜப்பானிய ரத்தம்தான் ஓடியது. தள்ளுவண்டி நகர்வதற்கு ஏற்ற டிராமை உண்டாக்கிய அதே ஊர், அதே சபை. பில்லைப் புரட்ட ஒருவன் உட்கார்ந்த நாளில்தான் ஒழுக்கம் வந்தது.

*

இந்தக் குணம் அந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. 1918 கோடையில் அரிசி விலை ஏறிக்கொண்டே போனது. டொயாமா மாவட்டத்துக் கடற்கரையில் மீனவர் வீட்டுப் பெண்கள், 'எங்கள் ஊர் அரிசியைக் கப்பலில் ஏற்றாதே' என்று துறையில் போய் நின்றார்கள். உவோசுவில் ஆரம்பித்தது. இன்று டொயாமா நகரத்துக்குள்ளேயே இருக்கும் மிசுஹாஷியிலும் பெண்கள் திரண்டார்கள். அது நாடு முழுக்கப் பற்றிக்கொண்டு, செப்டம்பரில் பிரதமர் தெராவுச்சியின் அமைச்சரவையே ராஜினாமா செய்தது. 'தலை குனிந்து, வாய் திறக்காமல், வரிசையில் நிற்கும் ஜப்பானியப் பெண்' என்று நாம் வைத்திருக்கும் காலண்டர் படத்தை எங்கே மாட்டுவது?

வியாபாரத்தையும் பாருங்கள். முந்நூறு வருஷத்துக்கும் மேலாக டொயாமா மருந்து வியாபாரிகள் தலையில் மூட்டையோடு... தப்பு, முதுகில் மூட்டையோடு நாடு பூராவும் நடந்தவர்கள். வீட்டில் ஒரு மருந்துப் பெட்டியை வைத்துவிட்டுப் போவார்கள். காசு வாங்கமாட்டார்கள். அடுத்த முறை வரும்போது எவ்வளவு தீர்ந்ததோ அதற்கு மட்டும் காசு. பிள்ளைகளுக்குக் காகிதப் பலூன் இலவசம். முதலில் பயன்படுத்து, பிறகு கொடு. 'ஆஹா, என்ன நம்பிக்கை!' என்று உருகுவதற்கு முன்னால் அவர்கள் இடுப்பிலிருந்த நோட்டைப் பாருங்கள். எந்த வீடு, எத்தனை பேர், எந்த மருந்து எவ்வளவு தீர்ந்தது, பாக்கி என்ன, எல்லாம் எழுதியிருக்கும். அந்த நோட்டுக்கே மார்க்கெட்டில் விலை உண்டு. விற்கலாம், அடகு வைக்கலாம். எங்கள் அக்கவுன்டன்சி வாத்தியார் 'குட்வில்' என்ற தலைப்பை மூன்று வாரம் நடத்தினார், விளங்கவில்லை. டொயாமாவில் அந்த நோட்டுகளைப் பற்றித் தெரிந்துகொண்டபோது ஒரு நிமிஷத்தில் விளங்கியது. நம்பிக்கை பெட்டியில் இல்லை சார், நோட்டில் இருந்தது.

*

'அப்ப பழக்கவழக்கம்னு ஒண்ணுமே இல்லையா?' என்று ஒரு வாசகி கேட்பது காதில் விழுகிறது. இருக்கிறது அம்மா, நிறையவே இருக்கிறது. டிராம் சொன்ன நிமிஷத்துக்கு வந்தது. நான் விட்டுவிட்டுப் போன தொப்பியை ஓட்டலில் மடித்து எடுத்துவைத்திருந்தார்கள். ஆனால் பள்ளிக்கூடத்தைப் பாருங்கள். ஜப்பான் பள்ளிகளில் பிள்ளைகள்தான் வகுப்பறையையும் தாழ்வாரத்தையும் கூட்டித் துடைக்கிறார்கள். அதற்கென்று டைம் டேபிளிலேயே நேரம் ஒதுக்கியிருக்கிறது. ரத்தத்தில் இருக்கிற விஷயத்துக்கு எதற்கு ஐயா பீரியட்? மூச்சு விடுவதற்கு யாராவது பீரியட் போடுவார்களா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு நானும் பக்தனாகிவிட்டேன் என்று நினைக்கக்கூடாது. டொயாமா சொர்க்கம் இல்லை. கடைத்தெருவில் ஷட்டர் இறங்கிய கடைகள் வரிசையாக உண்டு. காரை விடமாட்டேன் என்பவர்களும் நிறைய. ஜனத்தொகை குறைந்துகொண்டுதான் போகிறது. டிராமை ஓட்டும் அதே கம்பெனி, நஷ்டம் தாங்கவில்லை, புறநகர் ரயில் பாதைகளில் சில பகுதிகளை மூடவேண்டிவரும் என்று 2025-இல் கையைத் தூக்கியது. ஒரு நாள் சாயங்காலம் சூப்பர் மார்க்கெட் போனேன். கடை ஆள் மீன் பெட்டிகள் மேல் 'பாதி விலை' ஸ்டிக்கர் ஒட்டும் நேரத்துக்காக நாலைந்து வயதானவர்கள் சும்மா உலாத்திக்கொண்டு நின்றார்கள். ஒட்டியதும் கை நீண்டது. பென்ஷன் பணத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கிறவர்கள். எந்த டூர் கம்பெனி வீடியோவிலும் இவர்கள் வரமாட்டார்கள்.

ஆகவே ஜப்பான் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. போங்கள், கண்டிப்பாகப் போங்கள். டோக்கியோ, கியோட்டோ எல்லாம் பாருங்கள். ஆனால் நாலு நாளை ஒரு நடுத்தர ஊருக்கு எடுத்துவையுங்கள். டொயாமாதான் என்று இல்லை. ஓட்டலில் மேப் வாங்கி, எது எங்கே என்று கேட்பதோடு, எது எப்படி வந்தது என்றும் கேளுங்கள். இந்த டிராமுக்கு யார் காசு போட்டார்கள்? இந்த ஆறு எப்போது சுத்தமானது? அதற்கு முன்னால் எப்படி இருந்தது? யார் சண்டை போட்டார்கள்? பதில் சொல்ல ஒரு லைப்ரரி, ஒரு மியூசியம், ஒரு பாட்டி கட்டாயம் இருப்பார்கள்.

திரும்பி வந்து 'அவங்க ரத்தத்துலயே இருக்கு' என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் மேயர் நூறு கூட்டத்தில் பதில் சொன்னது வீண். நிருபர்கள் ரசீது புரட்டியது வீண். இத்தாய், இத்தாய் என்று அலறிக்கொண்டே வழக்கு நடத்தியது வீண். நம் பக்கத்திலோ, சாக்கடை அடைத்துக்கொண்டால் 'நம்ம ஜனங்க அப்படி' என்று இன்ஜினீயர் சொல்லிவிட்டுப் போகலாம். கான்ட்ராக்டரும் சொல்லலாம், கவுன்சிலரும் சொல்லலாம். ரத்தத்தின் மேல் பழி போட்டால் யார் மேலும் கேஸ் போடமுடியாதே!

பந்திக்குத் திரும்புகிறேன். பாயசம் வந்தது. பக்கத்து இலைக்காரரிடம் மெதுவாகக் கேட்டேன். "சார், உங்க தெருவுல போன வருஷம் ரோடு போட்டாங்களே, அந்த பில்லைப் பாத்திருக்கீங்களா?"

"நாம எப்படி சார் பாக்க முடியும்?"

"2005-லயே சட்டம் வந்தாச்சு சார். தகவல் உரிமைன்னு பேரு. பத்து ரூபாய்."

அவர் செல்போனைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். எதிர் இலைப் பெரியவர் பாயசத்தைப் பாதியில் விட்டுவிட்டு, பீடா எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டு எழுந்து போனார்.